சம்பள வெட்டு: எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பது நியாயமா?

வாசகர் கேள்வி – 17 ஆகஸ்ட் 2025

"கஜானா காலி என்கிறார்கள். வருவாயில் பாதிக்கு மேல் அரசு ஊழியர் சம்பளத்துக்கே போகிறது. 2020இல் எங்கள் கம்பெனியில் 30 சதவீதம் வெட்டினார்கள், அப்புறம் ஆட்களையும் அனுப்பினார்கள். அரசு ஊழியர் சம்பளத்தில் மட்டும் ஏன் யாரும் கை வைப்பதில்லை? நெருக்கடி வந்தால் மேலிருந்து கீழே வரை எல்லோருக்கும் ஒரே சதவீதம் வெட்டு என்று சட்டம் போட்டால் என்ன?"

17 ஆகஸ்ட், இரவு

கை வைக்கவில்லை என்று யார் சொன்னது? 2020 ஏப்ரல் 27ஆம் தேதி தமிழ்நாடு அரசு போட்ட ஆணைகளைப் பலரும் மறந்துவிட்டார்கள். பஞ்சப்படி (விலைவாசிக்கு ஏற்பச் சம்பளத்தோடு தரும் அகவிலைப்படி) உயர்வு 2021 ஜூலை வரை கிடையாது. ஈட்டிய விடுப்பு சரண்டர், அதாவது எடுக்காத லீவை ஒப்படைத்துப் பணமாக வாங்குவது, ஒரு வருடத்துக்குக் கிடையாது. அந்த ஒரு வருடம் ஐந்து வருடத்துக்கு மேல் நீண்டு, இதோ வரும் அக்டோபரில்தான் முடியப்போகிறது.

சம்பளப் பட்டியல் போடும் செக்சனில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். அதனால் கணக்கோடு சொல்கிறேன். பஞ்சப்படி அப்போது 17 சதவீதம். 2020 ஜனவரியில் 4, ஜூலையில் 3, 2021 ஜனவரியில் 4 என்று ஏற வேண்டியது ஏறவில்லை. மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து விட்டதைச் சேர்த்துக் கொடுத்தது, 18 மாத நிலுவையை மட்டும் தரவில்லை. நமக்கு 2022 ஜனவரி 1 முதல்தான் 17 என்பது 31 ஆனது. ஆக 24 மாதம். முதல் ஆறு மாதம் 4, அடுத்த ஆறு மாதம் 7, அப்புறம் 11, 2021 ஜூலையின் 3 சேர்ந்து கடைசி ஆறு மாதம் 14. கூட்டினால் அடிப்படைச் சம்பளத்தில் 216 சதவீதம் வருகிறது. இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கும் மேல். 15,700 அடிப்படை வாங்கும் அலுவலக உதவியாளருக்கு 33,912 ரூபாய். இன்க்ரிமென்ட்டைச் சேர்க்கவில்லை.

இதில் ஒரு பைசா கூட நிலுவையாகத் திரும்பவில்லை. பென்சன் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான்.

18 ஆகஸ்ட், காலை

"பாதிக்கு மேல்" என்ற கணக்கைப் பற்றி. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றையும் கூட்டினால்தான் தமிழ்நாட்டின் வருவாயில் பாதியைத் தாண்டும். டிவி விவாதங்களில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சம்பளம்" என்று சொல்லிவிடுகிறார்கள். வட்டி கடனுக்குப் போவது. அதற்கும் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நெருக்கடியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று அதில் இருந்தது. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு "எங்களுக்குச் சேர வேண்டியதை நாளைக்கே கொடு" என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வெட்டு வரலாம். யார் மேல், எவ்வளவு, திரும்பி வருமா வராதா, இந்த மூன்றும்தான் எனக்குக் கேள்வி.

18 ஆகஸ்ட், மாலை

கேள்வி கேட்ட தம்பிக்குத் தனியாக ஒன்று. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஊரடங்கில் மாதக் கடைசியில் எங்களுக்குச் சம்பளம் வங்கியில் ஏறியது, உங்களுக்கு ஏறவில்லை. எங்கள் தெருவிலேயே அச்சகத்தில் வேலை பார்த்தவர் மூன்று மாதம் காய்கறி வண்டி தள்ளினார். எங்கள் இழப்பையும் அவருடைய இழப்பையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் உங்கள் முதலாளி செய்ததையே அரசும் செய்ய வேண்டும் என்று கேட்டால், அவர் செய்ததுதான் சரி என்று ஆகிவிடும்.

21 ஆகஸ்ட்

ஒரே சதவீதம் என்ற யோசனைக்கு வருகிறேன். காகிதத்தில் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். 2017 ஊதிய நிர்ணயத்தில் அடிப்படைச் சம்பளம் 15,700இல் தொடங்கி 2,25,000 வரை போகிறது. 216 சதவீதத்தை உச்சியில் வைத்துப் பார்த்தால் 4,86,000 ரூபாய் போயிருக்கும். தொகையைப் பார்த்தால் மேலே இருப்பவர்தான் அதிகம் இழந்தார் என்று வாதாடலாம். வாதாடியும் இருக்கிறார்கள், என் முன்னாலேயே.

பட்டியலில் பிடித்தம் என்று ஒரு பக்கம் உண்டு. அதைப் பார்த்தால் வேறு கதை தெரியும். எங்கள் ஆபீஸில் ஒரு அலுவலக உதவியாளர் இருந்தார், கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். அவருக்கு சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியம்) பிடித்தம், மருத்துவக் காப்பீடு, குடும்ப நலநிதி, தொழில் வரி, சொசைட்டி லோன். எல்லாம் போகக் கையில் வருவது பாதிக்குக் கொஞ்சம் மேல். சொசைட்டி லோன் எதற்கு என்று கேட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது, அதை அடைக்க இன்னொன்று. அவருக்கு ஜூன் மாதம் என்றால் சரண்டர் மாதம். 15 நாள் லீவைச் சரண்டர் செய்து அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ஃபீஸ் கட்டுவார். மே மாதக் கடைசியிலேயே "மேடம், நம்ம பில்லு ட்ரெஷரி போயிருச்சா" என்று என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். 2020 ஜூனில் கந்து வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி.

அதே ஆண்டு அதே ஆணையில் மேலதிகாரிக்கும் சரண்டர் நின்றது. அவர் கட்ட வேண்டிய எதுவும் அதனால் தடைபடவில்லை. ஒரே சதவீதம், ஒரே அரசாணை. ஒருவருடைய சேமிப்பு வளர்வது கொஞ்சம் குறைந்தது, இன்னொருவர் வட்டிக்காரனிடம் போனார். இதற்குச் சமம் என்று பெயர் வைக்க என்னால் முடியவில்லை.

தெலங்கானா அப்போது வேறு மாதிரி செய்தது. 2020 மார்ச் சம்பளத்தில் முதலமைச்சர், அமைச்சர்கள், எம்எல்ஏக்களுக்கு 75 சதவீதம், ஐஏஎஸ் ஐபிஎஸ் அதிகாரிகளுக்கு 60, மற்ற ஊழியர்களுக்கு 50, நான்காம் நிலை ஊழியர்களுக்கும் ஒப்பந்த, அவுட்சோர்சிங் ஆட்களுக்கும் 10. படிக்கட்டு மாதிரி இறங்கி வருகிறது பாருங்கள். அரசியல்வாதியின் பெயர் முதலில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

22 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தெலங்கானாவின் படிக்கட்டைப் புகழ்ந்துவிட்டுத் தூங்கப் போனேன், நடுவில் இருக்கும் அந்த 50 உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டு லோன் கட்டும் கிளார்க்குக்கு ஒரே மாதத்தில் பாதிச் சம்பளம் இல்லையென்றால் என்ன செய்வார்? பென்சனர்களுக்கும் 50 சதவீதம் என்றார்கள். 70 வயதில் சர்க்கரை மாத்திரை வாங்குபவரை என்ன கணக்கில் அந்தப் படியில் நிறுத்தினார்கள்? படிகள் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு படிக்கும் இடையில் எவ்வளவு உயரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

கேரளா செய்ததில் எனக்கு இன்னும் உடன்பாடு அதிகம். மாதம் ஆறு நாள் சம்பளத்தை ஐந்து மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். 20,000 ரூபாய்க்குக் கீழே வாங்குபவர்களுக்கு விலக்கு. உயர்நீதிமன்றம் தடை போட்டது, உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். சண்டை நடந்தது. ஆனாலும் அது வெட்டு அல்ல, ஒத்திவைப்பு. பின்னால் திருப்பித் தந்தார்கள். கீழே ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே கை வைக்காமல் விட்டார்கள்.

ஆந்திராவும் 2020 மார்ச், ஏப்ரல் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தள்ளி வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு: தாமதமாகக் கொடுத்த பணத்துக்கு 6 சதவீத வட்டி கொடு. உயர்நீதிமன்றம் 12 என்று சொன்னதை உச்ச நீதிமன்றம் 6 ஆக்கியது, ஆனால் வட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்த வேலைக்கான சம்பளம் ஊழியரின் உரிமை, அது அரசு போடும் கருணை அல்ல. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு ஆபீஸ் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டலாம்.

22 ஆகஸ்ட், இரவு

ஒருவர் "பஞ்சப்படி சம்பளமே இல்லையே, சலுகைதானே" என்று எழுதியிருக்கிறார். விலைவாசி ஏறும்போது சம்பளத்தின் மதிப்பு இறங்காமல் தாங்குவதற்குத்தான் பஞ்சப்படி. அதை நிறுத்தினால் சிலிப்பில் தொகை குறையாது, பையில் அரிசி குறையும். அரசுகளுக்கு இந்த வழி பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்: வெட்டியது யார் கண்ணிலும் படாது. மேற்கு வங்கத்தில் பஞ்சப்படி நிலுவை கேட்டு வருடக்கணக்காக வழக்கு நடந்து வந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலுவையில் கால்பங்கைக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. சலுகை என்றால் அப்படி ஒரு உத்தரவு வருமா?

24 ஆகஸ்ட்

"சம்பளம் கிடக்கட்டும், கிம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பேசலாம். லஞ்சம் வாங்குபவனைப் பிடித்து வேலையை விட்டே அனுப்ப வேண்டும், பென்சனையும் நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் எல்லோருடைய சரண்டரையும் நிறுத்தினால் லஞ்சம் வாங்காதவனுக்குத்தான் தண்டனை. வாங்குபவனுக்குப் பஞ்சப்படி ஒரு பொருட்டே இல்லை. நேர்மையாக இருக்கும் ஒரு கிராம நிர்வாக அலுவலரையோ ஒரு நர்ஸையோ நினைத்துப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

30 ஆகஸ்ட்

ஒரு வாரமாக மனசில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். நாம் இங்கே பேசியதெல்லாம் பட்டியலில் பெயர் இருப்பவர்களைப் பற்றி. காலமுறை ஊதியம் (ஆண்டுதோறும் ஏறும் சம்பள விகிதம்), லெவல், இன்க்ரிமென்ட், சங்கம் எல்லாம் உள்ளவர்கள். பெரிய வெட்டு விழுந்தது அங்கே இல்லை.

சத்துணவு மையத்துக்கு 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்கப் போன டிசம்பரில் ஆணை வந்ததே, என்ன சம்பளம் தெரியுமா? தொகுப்பூதியம், அதாவது படிகள் இல்லாத ஒரே தொகை, மாதம் 3,000 ரூபாய். ஒரு வருடம் முடித்தால் 3,000 முதல் 9,000 வரையிலான சிறப்புக் காலமுறை ஊதியத்துக்குப் போவார்கள். 1982இல் எம்ஜிஆர் தொடங்கிய திட்டம், நாடே பார்த்துப் பின்பற்றிய திட்டம். நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்கும் அண்டாவைத் துணியைப் பிடித்து இறக்குகிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். சத்துணவிலிருந்து ஓய்வு பெற்றால் சிறப்பு ஓய்வூதியம் 2025இல் 2,000. இவர்களுக்கு வெட்டு என்று யாரும் ஆணை போடத் தேவையில்லை, வேலைக்கு எடுக்கும்போதே வெட்டிவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

பகுதிநேர ஆசிரியர்களும் அப்படித்தான். ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லித்தர 2012இல் 5,000 ரூபாய்க்கு 16,000க்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள். 2025இல் அது 12,500, மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதம் மட்டும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாதா?

இந்த மாதம் சென்னையில் நடந்ததையும் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை (மாநகராட்சித் தலைமை அலுவலகம்) வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். "சுமார் 23,000 வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு இனி சுமார் 17,000தான்" என்று சொன்னார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அதே தெரு, அதே குப்பை, அதே துடைப்பம். சம்பளம் போடுபவர் மாறியதும் கால்வாசிக்கு மேல் போகிறது என்றால் இது சம்பள வெட்டு இல்லாமல் வேறென்ன?

கேள்வி கேட்ட தம்பியின் சட்டம் வந்தால் இவர்களுக்கு எத்தனை சதவீதம் வெட்டுவது?

31 ஆகஸ்ட்

"அவர்கள் அரசு ஊழியர்களே இல்லை, அந்தப் பேச்சு இங்கே எதற்கு" என்கிறார் எங்கள் சங்கத்து அண்ணன் ஒருவர். அண்ணே, இதை எழுதியது நீங்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஊழியர் இல்லை என்று அரசு சொல்வது புரிகிறது, அதற்கு மிச்சம். நாம் சொல்வதில் நமக்கு என்ன லாபம்?

6 செப்டம்பர்

2003 அரசு ஊழியர் வேலைநிறுத்தம் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அந்த வருடத்தை அனுபவித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், விட்டதைச் சேருங்கள்.

ஓய்வூதியப் பலன்கள், சரண்டர், போனஸ் எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். ஜூலை 2ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. எஸ்மா (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு) சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் போட்டு, சுமார் 1,70,000 பேரை விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்தார்கள். நானும் அதில் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். எங்கள் ஆபீஸில் அந்தக் கடிதத்தின் வாசகத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் எழுதினோம். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே எழுந்து போனார்.

அந்தக் கதையை எல்லா மாநாட்டிலும் சொல்கிறோம். சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. நாங்கள் வெளியே இருந்தபோது எங்கள் நாற்காலிகளில் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இளைஞர்களை உட்கார வைத்தார்கள். என் சீட்டுக்கு வந்தவன் பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த பையன். நான் திரும்பி வந்தபோது ஃபைல்களை நம்பர் வாரியாக அடுக்கி வைத்திருந்தான். முதல் வாரம் அவனிடம் யாரும் பேசவில்லை, நானும்தான். கருங்காலி என்று காது படவே சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு இடம் கூட ஜெயிக்காத பிறகு பறித்த சலுகைகளிலும் பல திரும்பி வந்தன. அவனுக்கு எதுவும் வரவில்லை.

அதே 2003, ஏப்ரல் 1. அன்று முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றார்கள். மாதம் பத்து சதவீதம் பிடித்தம், கடைசியில் எவ்வளவு வரும் என்பதற்கு உறுதி இல்லை. அந்த ஆண்டின் மிகப் பெரிய வெட்டு அதுதான். அது விழுந்தது அன்றைக்கு வேலையிலேயே இல்லாதவர்கள் மேல். மறியல் செய்யவும் அவர்களால் முடியாது, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

7 செப்டம்பர்

நேற்று எழுதியதிலிருந்து ஒரு நூல் பிடிபடுகிறது. 2020 மே மாதம் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60. எங்களுக்கு இரண்டு வருடச் சம்பளம் கூடுதல். அரசுக்கோ ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணிக்கொடை, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் இரண்டு வருடம் தள்ளிப் போயின. இரண்டு பக்கமும் சந்தோஷம். அப்படியென்றால் நஷ்டம் யாருக்கு? டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டு அறை எடுத்துத் தங்கியிருந்தவர்களுக்கு. காலியாக வேண்டிய இடம் காலியாகவில்லை. வயது வரம்பு மட்டும் அதன் பாட்டுக்கு ஓடியது. அந்த வருடம் எங்கள் ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். என் அக்கா மகன் குரூப் 4க்கு மூன்றாவது முறை படித்துக்கொண்டிருந்த நேரம். லட்டு கசக்கவில்லை, ஆனால் வீட்டுக்குப் போய் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

வெட்டு எப்போதும் ஆள் இல்லாத பக்கமாகத்தான் நகர்கிறது. சங்கம் இருந்தால் பேச்சுவார்த்தை நடக்கும். சங்கம் இல்லாதவன், இனிமேல் வரப்போகிறவன், ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவன் மேல் பாரத்தை இறக்கிவிட்டு மேசையில் இருப்பவர்கள் கை குலுக்கிக்கொள்கிறார்கள்.

9 செப்டம்பர்

"அப்படியென்றால் சங்கமே வேண்டாமா" என்று கேட்கிறார்கள். இல்லை, அதற்காகச் சங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி யார் படித்தது? சங்கம் இல்லாவிட்டால் சரண்டர் என்ற ஒன்று இருந்ததையே மறந்திருப்பார்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி 3,000 ரூபாய்க்காரர்களைப் பற்றி இருக்கட்டும் என்கிறேன். இன்றைக்குப் பட்டியலின் வாலில் "மேலும்" என்று தொடங்கும் பத்தியில் இருக்கிறார்கள்.

5 அக்டோபர்

1ஆம் தேதி முதல் சரண்டர் திரும்பிவிட்டது. 2026 ஏப்ரலில்தான் என்று பட்ஜெட்டில் சொன்னதை, இந்த ஆண்டு ஏப்ரலிலேயே முதலமைச்சர் சட்டமன்றத்தில் 110ஆவது விதியின் கீழ் அறிவித்து அக்டோபருக்கு முன்னால் கொண்டுவந்தார். சுமார் 8 லட்சம் பேருக்குப் பயன், 3,561 கோடி செலவு என்றார். மகிழ்ச்சி, மறைக்கவில்லை. எங்கள் ஆபீஸில் இப்போது எல்லோரும் லீவ் கணக்கைத் தூசி தட்டுகிறார்கள். ஜூன் மாதம் என் மேசைக்கு வரும் அந்த அலுவலக உதவியாளர் இப்போது வேறு தாலுகாவில் இருக்கிறார். போன் செய்தார். இந்தப் பணம் பழைய கடனில் பாதியை அடைக்கும் என்றார். இடையில் போன ஐந்து வருடச் சரண்டர் பணம் வருமா என்று கேட்டார். வராது என்று சொன்னேன்.

6 அக்டோபர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "சரி, நீங்களே சட்டம் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன்.

வெட்டு என்றால் அமைச்சர், எம்எல்ஏ, ஐஏஎஸ் பெயரில் தொடங்கட்டும். கீழே ஒரு கோடு போடட்டும். கோடு அடிப்படைச் சம்பளத்தை வைத்து அல்ல, பிடித்தம் போகக் கையில் வருவதை வைத்து. கோட்டுக்குக் கீழே யாரையும் தொடக் கூடாது. கோட்டுக்கு மேலே எடுப்பது ஒத்திவைப்பாக இருக்கட்டும், அரசாணையிலேயே திருப்பித் தரும் தேதியும் ஆந்திர வழக்கில் சொன்ன மாதிரி வட்டியும் இருக்கட்டும். பஞ்சப்படியை நிறுத்துவது கடைசி வழியாக இருக்கட்டும். அப்படி நிறுத்தினாலும் 20,000, 25,000 அடிப்படை வரை விலக்கு வேண்டும்.

இதோடு இன்னொரு விதி, எனக்கு இதுதான் முக்கியம். காலமுறை ஊதியம் வாங்கும் யாருடைய நிறுத்தி வைத்த பணத்தையும் திருப்பித் தருவதற்கு முன்னால், தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் சம்பளத்தைக் குறைந்தபட்சக் கூலிக்காவது உயர்த்தியிருக்க வேண்டும். என் நிலுவைக்கும் இது பொருந்தும். சங்கத்து அண்ணன் இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். மாநிலப் பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன், அங்கே வந்து எதிர்த்துப் பேசட்டும். நீங்களும் இதில் எது நடக்காது என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள் தம்பி. ஒரே சதவீதம் என்பதை மட்டும் இனி கொண்டுவராதீர்கள்.